பிரிவு யாருடைய சொல்?

போன வாரம் அம்மாவை ஊருக்கு வண்டியேற்ற தாதர் போயிருந்தேன். திருநெல்வேலி போகும் சாளுக்கியா எக்ஸ்பிரஸ். பிளாட்பாரம் முழுக்க நம்மாட்கள்தான். "பிரிவு கஷ்டமா இருக்கும்மா" என்றேன், கொஞ்சம் இலக்கியமாக.

"ஒனக்கென்னல... ஆபீஸ் இருக்கு, பிள்ளைய இருக்கு. பூட்டுன வீட்டைப் போய்த் தொறக்கப் போறது நான்லா?" என்றாள்.

சுருக்கென்றது. அவள் சொன்னதுதான் சரி. சம்பாதிக்கக் கிளம்புவதற்கு 'பொருள்வயிற் பிரிவு' என்று நம் இலக்கணத்தில் பெயரே உண்டு. ஆனால் திருக்குறளில் 116-ஆம் அதிகாரம், 'பிரிவாற்றாமை'யைப் புரட்டிப் பாருங்கள். அங்கே புலம்புவது போனவன் இல்லை, வீட்டில் இருப்பவள்.

நாமோ மாதுங்காவில் இட்லி, தாராவியில் பொங்கல் என்று குட்டித் தமிழ்நாட்டையே வைத்துக்கொண்டு பிரிவுத்துயர் எழுதித் தள்ளுகிறோம் (நானும்தான்!). நமக்கு இருப்பது ஊர் ஏக்கம். பொய்யில்லை. ஆனால் 'பிரிவு' ஊரில் இருப்பவர்களின் சொல். அதை அவர்களுக்கே விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

இனி ஞாயிற்றுக்கிழமை போனில் என் கதையைக் குறைத்துக்கொண்டு, அம்மா கதையைக் கேட்கப்போகிறேன். நீங்கள்?