சாலை பஜார் முதல் ராஜாஜி நகர் வரை: திருவனந்தபுரத்தின் மையம் யாருக்காக மாறணும்?

2021-இல் சூர்யாவின் பிறந்தநாளுக்காக 'அயன்' படப் பாடலைச் செல்போனிலேயே காட்சிக்குக் காட்சி எடுத்துக் கலக்கிய கேரளப் பசங்களை ஞாபகம் இருக்கா? சூர்யாவே பாராட்டிய அந்தப் பசங்களின் ஊர் செங்கல்சூளா. அதிகாரப்பூர்வப் பெயர் ராஜாஜி நகர். திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகமும் தம்பானூர் ரயில் நிலையமும் நடந்து போகும் தூரம்தான். அதாவது, ஏழைகள் வாழும் இந்த இடம் நகரின் விலை உயர்ந்த நிலங்களில் ஒன்று. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

என்ன திட்டம்?

2017-இல் ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்குத் திருவனந்தபுரம் தேர்வானது. பழைய நகர மையத்தைச் சீரமைக்கும் பட்டியலில் சாலை பஜாரும் ராஜாஜி நகரும் இருந்தன. 2025 மார்ச் 31-ஓடு அந்த மிஷன் முடிந்துவிட்டது. ஆனால், கேள்விகள் முடியவில்லை.

நமக்கு என்ன சம்பந்தம்?

சாலை பஜார் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை. 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரிக்கும் திருவனந்தபுரம்தான் தலைநகர். அதனால் நாஞ்சில் நாட்டுச் சரக்கு இங்கே வந்தது. தலைமுறைகளாகத் தமிழ் வியாபாரிகள் இங்கே கடை நடத்துகிறார்கள்.

இப்போது போட்டி வேறு பக்கம். டெக்னோபார்க் இருப்பது கழக்கூட்டத்தில். 2021 டிசம்பரில் ஆக்குளத்தில் சுமார் 20 லட்சம் சதுர அடியில் லுலு மால் திறந்தது. வேலை, வீடு, ஷாப்பிங் மூன்றுமே பைபாஸ் பக்கம் நகர்கின்றன.

வீட்டுக்குக் காசு யார் தருவார்கள்?

கேரளாவின் லைஃப் மிஷன் ஒரு வீட்டுக்குத் தருவது 4 லட்சம் ரூபாய். 2015-இல் வந்த பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில், குடிசைப் பகுதியை அதே இடத்தில் மறுகட்டுமானம் செய்ய மத்திய அரசு தந்தது வீட்டுக்கு 1 லட்சம். நகர நடுவில் அடுக்குமாடி கட்ட இது பத்தாது. மீதிக்கு நிலத்தின் ஒரு பகுதியில் கடை, அலுவலகம் கட்டி விற்கலாம் என்பதுதான் கணக்கு. விற்கும் பகுதி பெருசாக ஆக, அங்கே வாழ்ந்தவர்களுக்கான இடம் சுருங்கும். 2024-இல் வந்த அத்திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் இந்தப் பிரிவே இல்லை. சுமை இனி மாநிலத்தின் தலையில்தான்.

சென்னை என்ன சொல்கிறது?

2019-இல் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்தபோது நடப்பவர்களுக்கு இடம் கிடைத்தது. ஆனால், 2021-இல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் தொட்டாலே பூச்சு உதிர்ந்தது. நகருக்குள்ளேயே வீடு கொடுத்தால் மட்டும் போதாது, தரமும் வேணும். பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்களோ வீடு கிடைத்தும் வேலையை இழந்தார்கள்.

எதைக் கவனிக்கணும்?

அடுத்த முறை 'நகர மையம் புத்துயிர்' என்று செய்தி வந்தால், வரைபடத்தைப் பார்த்து மயங்காமல் மூன்று கேள்வி கேளுங்கள். கட்டி முடியும் வரை குடும்பங்கள் எங்கே தங்கும்? வீடு யார் பெயரில் பதிவாகும்? 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவிடம் கேட்டார்களா? பதில் இல்லை என்றால், அங்கே கட்டடம்தான் புதுசாகும். ஆட்கள் மாறிப்போயிருப்பார்கள்.