‘குறையில்லை’ என்று சொன்னால் யார் பொறுப்பு?

1976-ஆம் ஆண்டில் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் பதினோரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில்தான், சர்க்கரை வியாதி விழித்திரையில் உண்டாக்கும் சேதத்தைப் படத்தைக் கொண்டே கண்டுசொல்லும் கூகுளின் செயற்கை நுண்ணறிவு முறை நோயாளிகளிடம் பரீட்சிக்கப்பட்டது. ஆகவே, வைத்தியத்தில் இவ்வித யந்திரங்களுக்கு என்ன நிபந்தனை விதிப்பது என்ற விவாதத்தில் மதுரைக்கு வாய் திறக்கும் உரிமை சற்று அதிகம்.

யந்திரமே வேண்டாமென்போர் கூட்டத்தில் நாம் இல்லை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வருகிற ஒருத்திக்கு, காமிராவின் தாங்கியில் முகவாயைப் பதித்துச் சில விநாடி விழி அசையாமல் இருந்தால் போதும், முடிவு உடனே தெரிந்துவிடும் என்ற வசதி அற்பமானதல்ல. 2019-இல் வெளியான ஆராய்ச்சியின்படி, மேல்சிகிச்சைக்கு அனுப்பவேண்டிய நோயாளிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 89 பேரை அந்த முறை அரவிந்தில் கண்டுபிடித்தது. படம் பார்த்துப் பழகிய மனிதக் கண்களும் இதைப் பெரிதாக விஞ்சிவிடவில்லை.

ஆனால் மீதிப் பதினோரு பேர்? நோய் இல்லாதவருக்கு உண்டென்று யந்திரம் பிசகிச் சொன்னால், அவர் டாக்டரிடம் போகிறார், டாக்டர் பார்த்து இல்லையென்கிறார், தவறு அங்கேயே திருத்தப்படுகிறது. நோய் இருக்க இல்லையென்று சொல்லிவிட்டாலோ, அவர் நிம்மதியாக வீடு திரும்ப, அந்தப் பிசகு பார்வை மங்கும் வரையில் எந்தக் கணக்கிலும் ஏறாமல் கிடக்கிறது. போதாக்குறைக்கு, சர்க்கரையின் சேதத்தை மட்டும் தேடப் பழக்கிய யந்திரம் ‘குறையில்லை’ என்றால், கண்ணழுத்த நோயும் இல்லையென்று அர்த்தமாகாது. சீட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போகிறவருக்கு இந்தப் பேதத்தை யார் சொல்வது?

வைத்தியத்தில் செயற்கை நுண்ணறிவைப் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2023-இல் வெளியிட்ட நெறிமுறைகள் சம்மதம், அந்தரங்கம், பொறுப்பு எல்லாவற்றையும் பற்றி நன்றாகவே பேசுகின்றன. எனினும் அவை சட்டமல்ல. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இம்முறையைப் புகுத்துமுன், ‘இல்லை’ என்று வந்த படங்களில் ஒரு பகுதியை, விற்ற கம்பெனி பொறுக்கிக் கொடுக்காமல், சம்பந்தமற்ற கண் டாக்டர் ஒருவர் மாதந்தோறும் மறுபடி பார்த்து, தவறிய விகிதத்தைப் பகிரங்கப்படுத்தவேண்டுமென்று சர்க்கார் கட்டாயமாக்கவேண்டும். எதைத் தேடினோம், எதைத் தேடவில்லை, மறுபடி எப்போது வரவேண்டும் என்பதெல்லாம், பொறுப்பேற்கும் டாக்டரின் பெயரோடு, சீட்டில் தமிழில் இருக்கவேண்டும்.

தாய்லாந்தின் கிளினிக்குகளில் இதே முறையை வைத்தபோது, வெளிச்சம் போதாமை போன்ற காரணங்களால் படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தெளிவில்லையென்று யந்திரம் தள்ளிவிட்டதாக 2020-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. தெரியாததைத் தெரியாதென்றது யந்திரத்தின் யோக்கியதை, அலைந்தவர் நோயாளி. அத்தகைய படத்தை அன்றைக்கே ஒரு டாக்டர் பார்க்க ஏற்பாடில்லாத இடத்தில் காமிராவை இறக்கவே அனுமதிக்கலாகாது. செலவாகுமே என்றால், ஆகும். கம்பெனியோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்திலேயே அதையும் சேர்த்து எழுதிவிடட்டும்.