புதுசு வரப் போகுதாமே, இதை வாங்கலாமா?

கிரைண்டர் வாங்கக் கிளம்பினால், "அடுத்த வருஷம் இதைவிட நல்லது வருமாம், பொறுத்துக்கோ" என்று யாராவது சொல்கிறார்களா? மாவு இன்றைக்கே அரைத்தாக வேண்டும், வாங்கிவிடுகிறோம். ஆனால் டி.வி.யோடு இணைத்துப் பிள்ளைகள் விளையாடுகிற வீடியோ கேம் பெட்டி மட்டும் அப்படியில்லை. பணத்தை எடுத்துக்கொண்டு வாசல்படி இறங்கும்போதே, "ஐயையோ, இப்ப வாங்காதீங்க! புதுசு வரப் போகுது" என்று ஒருவர் குறுக்கே வந்து நிற்பார்.

இப்போதும் அந்தப் பேச்சு கிளம்பியிருக்கிறது. பிளே ஸ்டேஷன் 5 வந்தது 2020 நவம்பரில். அதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவரான மார்க் செர்னி, 2025 அக்டோபரில், சில ஆண்டுகளில் வரக்கூடிய அடுத்த பெட்டியைப் பற்றி லேசாக வாய் திறந்தார். அவ்வளவுதான், "5 வாங்கலாமா, 6-க்குக் காத்திருக்கலாமா?" என்று பல வீடுகளில் பட்டிமன்றம்!

இதே பட்டிமன்றம் 2020 தீபாவளிக்கு முன்னால் என் அண்ணன் வீட்டில் நடந்தது. அண்ணன் மகன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஊரடங்கு காலம். பள்ளிக்கூடமே செல்போனில் நடந்தது, தெருவில் இறங்கி விளையாட வழியில்லை. பிள்ளை இரண்டு வருஷமாகக் கேட்கிறானே என்று, சீட்டு எடுத்த பணத்தில் முப்பதாயிரத்தை அண்ணி ஒதுக்கி வைத்திருந்தார். அந்தப் பணத்துக்கு பிளே ஸ்டேஷன் 4 வரும். அதற்குள் அவன் சிநேகிதர்கள், "5 வருதுடா, இப்பப் போய் 4 வாங்கினா வேஸ்ட்" என்று ஏற்றிவிட்டார்கள். பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தான். அண்ணனோ, "ரெண்டும் வேண்டாம், பணத்தை பேங்கில் போடு" என்றார்.

அண்ணி மதுரையிலிருந்து எனக்குப் போன் செய்தார். "நீயே சொல்லும்மா. சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். இப்ப வாங்கினா தண்ணியில போட்ட மாதிரியா?"

"ரெண்டு நாள் டைம் கொடுங்க அண்ணி" என்றேன். என் பெரியவனைப் பக்கத்தில் உட்கார வைத்து விவரங்களைச் சேகரித்தேன். கூட்டிக் கழித்துப் பார்த்ததில், மூன்றே கேள்விகளில் விஷயம் அடங்கிவிட்டது.

முதல் கேள்வி: பழைய கேம்கள் புதுப் பெட்டியில் ஓடுமா?

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஏனென்றால் பெட்டி ஒரு தடவை செலவு, கேம்கள் வருஷக்கணக்காகச் செலவு. நாலு வருஷத்தில் கேம்களுக்குக் கொடுத்த பணம் பெட்டியின் விலையைத் தொட்டுவிடும். பிளே ஸ்டேஷன் 3-இன் டிஸ்குகளை 4-இல் போட்டால் ஓடாது. அப்போது வாங்கியவர்கள் பழைய பெட்டியையும் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆனால் 4-இன் கேம்கள் நாலாயிரத்துக்கு மேல் இருப்பதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது 5-இல் ஓடும் என்று சோனியே அறிவித்திருந்தது. ஆக, வாங்கும் டிஸ்க் எதுவும் வீணாகப் போவதில்லை.

இரண்டாவது கேள்வி: புதுசு வந்த பிறகும் பழைய பெட்டிக்குப் புதுக் கேம்கள் வருமா?

இதில் வஞ்சிக்கப்பட்டவர்களும் உண்டு. சேகா கம்பெனியின் சேட்டர்ன் பெட்டி 1995-இல் அமெரிக்காவில் வந்தது. இரண்டே வருஷத்தில், எங்கள் எதிர்காலம் இது இல்லை என்கிற ரீதியில் கம்பெனிக்காரர்களே பேசிவிட்டார்கள். 1998-இல் ஜப்பானில் டிரீம்காஸ்ட் வந்தது. சேட்டர்ன் டிஸ்குகள் அதில் ஓடாது. நம்பி வாங்கியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். இதற்கு நேர்மாறு பிளே ஸ்டேஷன் 2. அது வந்தது 2000-இல். 3 வந்த பிறகும் நன்றாக விற்று, 2013-இல்கூட அதற்குக் கால்பந்து கேம் வெளியாயிற்று. எந்தப் பெட்டி ஏற்கெனவே கோடிக்கணக்கான வீடுகளில் இருக்கிறதோ, அதைக் கேம் செய்கிறவர்கள் சட்டென்று கைவிட மாட்டார்கள். அவர்களுக்கும் வியாபாரம் நடக்க வேண்டுமே! பிளே ஸ்டேஷன் 4 அந்த ரகம்.

மூன்றாவது கேள்வி: காத்திருந்தால் லாபமா?

இங்கேதான் அண்ணிக்குத் தெளிவு பிறந்தது. 5-இன் விலையோ அந்தச் சீட்டுப் பணத்துக்கு எட்டாத உயரம். இந்தியாவில் அது எப்போது விற்பனைக்கு வரும் என்றே அப்போது தெரியவில்லை. "பையனுக்கு விளையாட நேரம் இருப்பது இந்த வருஷமும் அடுத்த வருஷமும்தான் அண்ணி. பிளஸ் டூ வந்த பிறகு பெட்டி இருந்தும் என்ன பிரயோஜனம்?" என்றேன். பிறகு மருமகனிடமே போனில் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ டிஸ்க் எல்லாம் 5-லயும் ஓடுமா அத்தை?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டான். அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டானாம்.

தீபாவளிக்கு 4 வந்தது. கடைக்காரர் தலையில் கட்டப் பார்த்த ஐந்து கேம் 'காம்போ'வை விட்டுவிட்டு, பெட்டியும் ஒரே ஒரு கேமும் வாங்கினார்கள். மற்றதெல்லாம் சிநேகிதர்களோடு மாற்றி மாற்றி விளையாடியது.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 2021 ஜனவரி 12-ஆம் தேதி நம் நாட்டில் 5-க்கு முன்பதிவு திறந்தார்கள். சில நிமிஷங்களில் தீர்ந்துவிட்டது. பிப்ரவரி 2-இல் விற்பனை. டிஸ்க் போடுகிற பெட்டி 49,990 ரூபாய். உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு என்பதால் கடையில் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்தது. 2022 நவம்பரில் அதே பெட்டி 54,990 ஆயிற்று! நம் மருமகனோ கிரான் டூரிஸ்மோ 7 கார் பந்தயம் 2022-இல் வந்தபோது 4-லேயே ஓட்டினான். சில கேம்கள் 5-க்கு மட்டும் வந்தன, இல்லை என்று சொல்லவில்லை. 2023-இல் வந்த ஸ்பைடர்மேன் 2 அப்படித்தான். அதற்கு ஒரு வாரம் புலம்பினான், அவ்வளவுதான். 2024-இல் பிளஸ் டூ முடித்துக் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். இப்போது பெட்டி தங்கையின் ராஜ்யம். 2025-இன் கால்பந்து கேம்கூட அந்தப் பெட்டிக்கு வந்திருக்கிறது.

"புதுசு வந்தால் பழசு விலை இறங்குமே" என்பீர்கள். அது பழைய கணக்கு. பிளே ஸ்டேஷன் 4 அமெரிக்காவில் 2013-இல் 399 டாலர், 2016-இல் 299-க்கு இறங்கியது. ஆனால் 5 அங்கே 499 டாலரில் தொடங்கி, 2025 ஆகஸ்டில் 549 ஆக ஏறிவிட்டது. நின்டென்டோ ஸ்விட்ச் கதை இன்னும் வேடிக்கை. 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வந்தது. ஆகஸ்டில் பழைய ஸ்விட்சின் விலை 299-லிருந்து 339 டாலராக உயர்ந்தது! காத்திருந்தால் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

சரி, கம்பெனிக்காரர்கள் முன்கூட்டியே தேதியைச் சொல்லித் தொலைத்தால் என்ன? சொன்னால் கையில் இருக்கும் சரக்கு தேங்கிவிடும் என்ற பயம்தான். ஆதம் ஆஸ்போர்ன் என்று ஒருவர். திருவண்ணாமலையில் பால்யத்தைக் கழித்து, கொடைக்கானலில் படித்தவர். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் கம்பெனி வைத்து 1981-இல் தூக்கிச் செல்லும் கம்ப்யூட்டரை விற்றார், ஓகோ என்று ஓடியது. 1983-இல் அடுத்த மாடலைப் பற்றிப் பேச்சு வெளியானதும், "அதுவே வரட்டும்" என்று ஜனங்கள் காத்திருக்க, அதே வருஷம் கம்பெனி திவால். வேறு காரணங்களும் உண்டு என்பார்கள். ஆனாலும் இந்த மாதிரி நஷ்டத்துக்கு 'ஆஸ்போர்ன் விளைவு' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அதனால்தான் 5-இன் விலையைக்கூட சோனி விற்பனைக்கு இரண்டு மாதம் முன்புதான் வெளியிட்டது. நமக்கு முழு விவரம் கிடைப்பதே கடைசி நேரத்தில்தான் என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே சகோதரிகளே, உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்தால் இப்படிச் செய்யுங்கள்.

புதுப் பெட்டியின் தேதியும் விலையும் நம் நாட்டுக்கென்று அறிவித்து, அது இரண்டு மூன்று மாதத்துக்குள் என்றால், அந்த விலைக்குப் பணமும் இருந்தால், காத்திருங்கள். வெறும் வதந்திக்காக வருஷக்கணக்கில் பிள்ளையைக் காக்க வைக்காதீர்கள்.

டிஸ்க் போடும் வசதி உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். டிஸ்கை விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். டிஸ்க் இல்லாத பெட்டி கொஞ்சம் மலிவு, ஆனால் கையில் இருக்கும் பழைய டிஸ்குகள் அதில் உபயோகப்படாது.

செகண்ட் ஹேண்ட் என்றால் கடையிலேயே டி.வி.யில் மாட்டி, ஒரு டிஸ்க் போட்டுப் பாருங்கள். கன்ட்ரோலரின் குமிழைத் தொடாமலே திரையில் ஆள் தானாக நகர்ந்தால் வேண்டாம் என்று எழுந்துவிடுங்கள். பழைய சொந்தக்காரரின் கணக்கை நீக்கித் தரச் சொல்லவும் மறக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. பெட்டிக்கு ஒதுக்கும் தொகையில் கால் பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். முதல் வருஷக் கேம்களுக்கு அது வேண்டும். அந்தக் கால் பங்கு மிஞ்சாத விலையில் உள்ள பெட்டி, புதுசோ பழசோ, இப்போதைக்கு நம் வீட்டுக்கு ஏற்றதல்ல.