படுத்திருப்பவனின் கண்

இயற்கையோடு இயைந்த, சாந்தம் தவழும் கட்டடம் என்று எழுதிவிட்டால் சாவைப் பற்றிப் பேசியாகிவிட்டது என்ற நம்பிக்கை ஒன்று பரவியிருக்கிறது. சாகப்போகிறவர்களுக்கான இல்லத்தை, ஹாஸ்பிஸை, வரைகிறவர், அதைப் பற்றி எழுதுகிறவர், அதற்கு நன்கொடை கேட்கிறவர், மூவருக்கும் ஒரே அகராதி. தாமரைக் குளம், மூங்கில், கூழாங்கல், காலை வெயில், நீரின் சலசலப்பு. படிக்கும்போது எனக்கு வாரப் பத்திரிகைக் கவிதைகள்தாம் ஞாபகம் வருகின்றன. நிலவையும் தென்றலையும் அடுக்கினால் உணர்ச்சி தானே வந்துவிடும் என்று நம்பிய அதே மனம், இங்கே சிமெண்டையும் செடியையும் அடுக்கிக்கொண்டிருக்கிறது. கவிதைப் பத்திரிகையில் கட்டடத்துக்கு என்ன வேலை என்று கேட்கிற நண்பர்களுக்கு இதுதான் பதில். சரக்கு வேறு, போலி ஒன்றுதான்.

இந்தக் கட்டடங்களின் புகைப்படங்களைப் பாருங்கள். எல்லாம் வாசலில் நிற்கிறவனின் கண்ணால் எடுத்தவை. குளம் வந்துபோகிறவனுக்கு, சாய்ந்த கூரை நன்கொடையாளனுக்கு. உள்ளே இருப்பவனோ படுத்திருக்கிறான். அவனுக்குக் கட்டடம் என்பது கண்ணுக்கு நேரே உள்ள உட்கூரை, தலைக்கு மேல் விளக்கு, பக்கத்துக் கட்டில்காரனின் இருமல், குழாய் சொட்டும் சத்தம். நம் ஆஸ்பத்திரிகளில் ஒருநாளாவது படுத்தவருக்குக் கண்ணில் குத்தும் டியூப்லைட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைப் புரிந்துகொண்ட ஒருவர் இருந்தார். பின்லாந்தில் பைமியோ என்ற இடத்தில், பைன் காட்டுக்கு நடுவே, அல்வர் ஆல்டோ 1933இல் கட்டி முடித்த காசநோய் விடுதி. அது ஹாஸ்பிஸ் அல்ல. ஆனால் காசத்துக்குத் தக்க மருந்து வராத காலம். காட்டைக் காட்டிப் பெயர் வாங்குவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் முதலில் யோசித்தது படுத்திருக்கும் உடலைப் பற்றி. உட்கூரைக்குக் கண் கூசாத பச்சை. விளக்கு நோயாளியின் பார்வையில் படாத இடத்தில். வாஷ்பேசினில் தண்ணீர் சத்தமில்லாமல் விழும்படி ஒரு சரிவு, பக்கத்துக் கட்டில்காரன் தூங்க வேண்டுமே என்று. காடு வெளியே இருந்தது. இயைபு அந்தச் சரிவில் இருந்தது. கட்டடத்தில் பிரக்ஞை என்று ஒன்று உண்டென்றால் இதுதான்.

இயற்கைவாதிகள் கையில் ஒரு சான்று வைத்திருக்கிறார்கள். ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வு. பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்த 23 பேர், செங்கல் சுவரைப் பார்த்த 23 பேரைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். கடும் வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே வேண்டியிருந்தது. நல்ல ஆய்வு. ஆனால் அந்த 46 பேரும் வீடு திரும்பியவர்கள். எலும்புக்குள் புற்று இறங்கியவனின் தலைமாட்டில் இதைக் கொண்டுவந்து, மரம் பார்த்தால் வலி குறையும் என்று சொல்வதைச் சிந்தனைச் சோம்பல் என்று விட்டுவிட முடியாது. அது குரூரம்.

ஜன்னலைப் பற்றி வேறொரு கதை உண்டு. 1948இல் லண்டனில் செத்துக்கொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூத அகதி, தன்னைக் கவனித்துக்கொண்ட ஸிஸ்லி சாண்டர்ஸிடம், நீங்கள் கட்டப்போகும் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லி 500 பவுன் விட்டுப்போனார். அந்த ஜன்னலைச் சுற்றி வீடு எழும்ப 19 ஆண்டுகள் ஆயின. 1967இல் திறந்த செயிண்ட் கிறிஸ்டோஃபர்ஸ் அது. இந்த இடைக்காலத்தில் சாண்டர்ஸ் தோட்டக்கலை பயிலவில்லை. மருத்துவம் பயின்றார். வலி வந்தபின் நோயாளி கெஞ்சி வாங்கும்படி விடாமல், கடிகாரத்தைப் பார்த்து, வலி திரும்புமுன்பே மார்ஃபின் கொடுக்கும் முறையை நிலைநாட்டினார். 2005இல் அவர் இறந்ததும் அந்த இல்லத்தில்தான். தான் சாகத் தகுந்த இடம் என்று கட்டியவரே நம்பிய கட்டடங்கள் எத்தனை இருக்கின்றன?

இனி நம் ஊருக்கு வருவோம். பம்பாயில், பாந்த்ராவில், இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ் சாந்தி அவேதனா 1986இல் திறந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் போதைப்பொருள் சட்டம் வந்தது. மார்ஃபின் வாங்கிவைக்கப் பல உரிமங்கள். ஒன்று கைக்கு வருமுன் இன்னொன்று காலாவதி. டாக்டர்கள் பயந்து ஒதுங்கினார்கள். 2014இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பயம் இன்னும் முழுக்கத் திருந்தவில்லை. இத்தனைக்கும் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசாங்க உரிமத்தோடு அபினிச் செடி பூக்கிறது. காயைக் கீறி எடுத்த பால் நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசாங்க ஆலைக்குப் போகிறது. வெளிநாட்டுக்கும் போகிறது. அந்த வயலை உழுத நாட்டில் புற்றுநோய்க்காரன் ஊளையிட்டுச் சாகிறான். இயற்கையோடு இயைபு என்கிறார்களே, சாகிறவனுக்கு இயற்கை தந்த ஒரே கருணை அந்தப் பாலில் இருக்கிறது. வரைபடத்தில் மூங்கில் உண்டு, தாமரை உண்டு, இந்தச் செடி மட்டும் இல்லை.

கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து தொடங்கிய வலிநிவாரண இயக்கம் கட்டடத்தை நம்பி வளரவில்லை. ஊர்க்காரர்களே தொண்டர்களாகி, நர்ஸோடு நோயாளியின் வீட்டுக்குப் போனார்கள். புண்ணைக் கழுவினார்கள், மருந்தைக் கையில் கொடுத்தார்கள். ஓட்டு வீடு, புழுக்கம், வாசலில் ஆடு. சாந்தம் அங்கே வந்ததென்றால் வலி நின்ற பிறகு வந்தது.

மரத்துக்கு நான் விரோதி இல்லை. வலி அடங்கியவனுக்கு ஜன்னலில் ஒரு வேப்பமரம் பெரிய விஷயம். இலை உதிர்வதையும் அவன் பார்க்கட்டும். வாடிய பூவை விடியுமுன் பொறுக்கி எடுத்துவிடுகிற தோட்டக்காரன் மட்டும் வேண்டாம். வரிசை மாறக்கூடாது என்பதுதான் என் கட்சி. அடுத்த முறை யாராவது சாந்தமான கட்டடத்தின் வரைபடத்தோடு வந்தால், குளத்தை ரசிக்கு முன் கேளுங்கள்: படுத்துப் பார்த்தீர்களா? குழாய் ராத்திரியில் சொட்டுமா? மருந்து அலமாரி எங்கே, அதில் மார்ஃபின் இருக்கிறதா, ராத்திரி 2 மணிக்கு அதன் சாவி யாரிடம்?