அந்தக் காலத்து வண்டிக்கு அவ்வளவு பவர் இல்லை

ஆனைமலையில் மாசாணியம்மன் கோயிலுக்குத் திரும்புகிற வழியில் நாங்கள் வழக்கமாக டீ குடிக்கிற பேக்கரி ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பக்கமாக ஒரு பழைய ஆர்டி 350 போனால் போதும், பேச்சு அப்படியே நின்றுவிடும். புகை அடங்கும்வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பிறகு யாராவது ஒரு பெரியவர் ஆரம்பிப்பார். "அது வண்டி கண்ணு. இப்ப வர்றதெல்லாம் வண்டிங்களா? பவருன்னா அதுதானுங் பவரு." எல்லோரும் தலையாட்டுவோம். இருபது வருடமாக நானும் ஆட்டியிருக்கிறேன்.

இந்தக் கட்டுரை அந்தத் தலையாட்டலுக்கு எதிராக எழுதப்படுவது. பழைய டூ-ஸ்ட்ரோக் பக்தர்கள் திட்டுவார்கள் என்று தெரியும். திட்டட்டும்.

எழுதத் தூண்டியவன் என் அக்கா மகன். வயது இருபத்தொன்று, பொள்ளாச்சியில் வேலை. இரண்டு வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வண்டி வாங்கப் பணம் சேர்த்திருக்கிறான். புது வண்டி வேண்டாமாம், பழைய ஆர்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். "புதுசுல பவரே இல்ல மாமா. பிஎஸ் 6 போட்டு எல்லாத்தையும் அமுக்கிட்டான்" என்றான். இதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் எண்கள். யமஹாவின் அசல் ஆர்டி 350 ஜப்பானிலிருந்து 1973-ல் வெளிவந்தது. 347 சிசி, இரட்டை சிலிண்டர், 39 குதிரைத்திறன், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். அதையே எஸ்கார்ட்ஸ் நிறுவனம் உரிமம் வாங்கி 1983-ல் ராஜ்தூத் 350 என்ற பெயரில் இங்கே கொண்டுவந்தது. வந்தபோது டிஸ்க் பிரேக் இல்லை, முன்னாலும் டிரம்தான். 'ஹை டார்க்' என்று நாம் இன்றும் பெருமூச்சோடு சொல்கிற முதல் மாடலுக்கு 30.5 குதிரைத்திறன். மைலேஜுக்காக இன்னும் அடக்கி, பின்னால் வந்த 'லோ டார்க்' மாடலுக்கு 27. அசல் வண்டியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி காணாமல் போயிருந்தது.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். அதே 1983-ல் யமஹா வெளிநாடுகளில் விற்றுக்கொண்டிருந்த 350 வேறு. தண்ணீர் குளிர்ச்சி, பவர் வால்வு, ஐம்பதைத் தாண்டிய குதிரைத்திறன். பத்து வருடப் பழைய டிசைனை, சக்தியைக் குறைத்து, பிரேக்கையும் பிடுங்கி நம்மிடம் விற்றார்கள். கதவடைத்த சந்தை, கொடுத்ததை வாங்கிக்கொண்டோம். அதில் தப்பில்லை, வேறு வழியில்லை. ஆனால் நாற்பது வருடம் கழித்தும் அதைப் பொற்காலம் என்று கும்பிடுகிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பழைய சோறு ருசிதான். அதற்காக அதை விருந்து என்று சொல்ல முடியுமா?

இன்றைக்கு வாருங்கள். 2013-ல் வந்த கேடிஎம் 390 டியூக் 373 சிசி. ஒற்றை சிலிண்டரில் 43.5 குதிரை. 2023-ல் வந்த 399 சிசி மாடலில் 46. நம் ஓசூரில் தயாராகிற டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310, 2017-ல் 34 குதிரையோடு வந்து 2024-ல் 38-ஐத் தொட்டது. 312 சிசிதான், இருந்தும் ஹை டார்க் ஆர்டியைவிட ஏழெட்டுக் குதிரை கூடுதல். பிஎச்பி வேறு, பிஎஸ் வேறு என்று யாராவது கிளம்பலாம். இரண்டுக்கும் ஒன்றரை சதவீத வித்தியாசம்கூடக் கிடையாது. அதை வைத்துக்கொண்டு 27-ஐ 43 ஆக்க முடியாது.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. 30.5 என்பது புது வண்டிக்குச் சொன்ன கணக்கு. இன்று தெருவில் ஓடுகிற ஆர்டி எத்தனை முறை ரீபோர் ஆகியிருக்கும், அந்த கிராங்க் எத்தனை கை மாறியிருக்கும், கார்புரேட்டருக்குள் எந்த ஜெட் இருக்கும்? நாம் விலை கொடுப்பது காகிதத்தில் இருக்கும் குதிரைக்கு. வீட்டுக்கு வருவது வேறு குதிரை.

சரி, எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு. அதை மறைத்துவிட்டுச் சண்டை போட எனக்கு விருப்பமில்லை.

ஆர்எக்ஸ் 100-ஐ எடுங்கள். 98 சிசியில் 11 குதிரை, எடை நூறு கிலோவை ஒட்டி. இன்றைய நூறு சிசி ஸ்பிளெண்டரில் எட்டுதான், எடையும் பத்துப் பன்னிரண்டு கிலோ கூட. அந்த வகுப்பில் பழையதுதான் பலசாலி, மறுபேச்சே இல்லை. ஆர் 15-ம் அப்படித்தான். மூன்றாம் பதிப்பு 2018-ல் 19.3 குதிரை, பிஎஸ் 6-க்கு மாறியபோது 18.6, அடுத்த பதிப்பில் 18.4. அக்கா மகன் சொன்ன "அமுக்கிட்டான்" இந்த ஒரு குதிரைக்குப் பொருந்தும்.

உலக அளவில் இதைவிடப் பெரிய உதாரணம் இருக்கிறது. நமக்கு 350 நடு வகுப்பு என்றால் அங்கே 600. யமஹா ஆர் 6 என்றால் எங்கள் தலைமுறைக்குச் சுவரில் ஒட்டிய படம். 599 சிசியில் 118 குதிரைக்கும் மேல். யூரோ 5 விதி வந்ததும் ஐரோப்பியச் சாலைகளுக்கு விற்பதை 2020-ஓடு நிறுத்தினார்கள். 2021-ல் ஆர் 7 வந்தது. 689 சிசி, 73.4 குதிரை. எஞ்சின் பெருத்து, சக்தி நாற்பத்தைந்து குதிரை குறைந்திருக்கிறது. பழைய பக்தர்களுக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

ஆனால் அந்த அட்டவணையில் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். ஆர் 6 தன் முழுச் சக்தியைத் தருவது நிமிடத்துக்கு 14,500 சுற்றில். அதன் உச்ச டார்க் 61.7 நியூட்டன் மீட்டர், அதுவும் 10,500 சுற்றில். ஆர் 7 தருவது 67 நியூட்டன் மீட்டர், 6,500 சுற்றிலேயே. அதாவது மனிதர்கள் சாலையில் ஓட்டுகிற சுற்றில் 'பலவீனமான' புது வண்டிதான் ஓங்கி இழுக்கும். ரேஸ் டிராக்கில் ஆர் 6 அதைத் தின்றுவிடும். இரண்டும் உண்மை. சக்தி என்பது ஒற்றை எண் கிடையாது. எந்தச் சுற்றில், எந்த ரோட்டில் என்று கேட்காமல் பவர் பற்றிப் பேசுவது, மழையளவு கேட்காமல் தென்னைக்கு விலை பேசுவது மாதிரி.

அப்படியானால் ஆர்டியில் உட்கார்ந்தால் ஏன் அப்படித் தூக்கி அடிக்கிறது? பெரியவர் பொய்யா சொல்கிறார்? இல்லை. அவர் உடம்பு சொன்னதை அவர் சொல்கிறார்.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் கிராங்கின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை வெடிக்கும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். அதோடு சைலன்சருக்குள் ஓடுகிற அழுத்த அலை ஒன்று உண்டு. குறிப்பிட்ட வேகத்தில் அது திரும்பி வந்து, வெளியே தப்பிக்கப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளும். அந்த வேகத்துக்குக் கீழே வண்டி சோம்பேறி. அதைத் தொட்டதும் பேய் பிடித்த மாதிரி கிளம்பும். 'பவர் பேண்ட்' என்று சொல்வது இதைத்தான். நம் உடம்புக்குச் சக்தியின் அளவு தெரியாது, மாற்றம்தான் தெரியும். சீராக 43 குதிரை தருகிற எஞ்சினைவிட, பன்னிரண்டிலிருந்து முப்பதுக்குத் தாவுகிற எஞ்சின் நெஞ்சில் அதிகம் இடிக்கும். அதே காரணத்தால்தான் அது செத்தும் போனது. அலை பொருந்தாத நேரமெல்லாம் எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியாகவே போய்விடும், கூடவே எரிந்த ஆயில். 2000-க்குப் பிறகு புகை விதிகள் இறுக இறுக, இங்கே டூ-ஸ்ட்ரோக் பைக்குகள் ஒவ்வொன்றாக மறைந்தன. யாரோ நம் சந்தோஷத்தைத் திருடவில்லை. அந்த நீலப் புகையைப் பேக்கரி வாசலில் நின்று மூக்கில் வாங்கியவர்களுக்கு அது தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். பிரேக் இல்லாத வண்டியில் எல்லா வேகமும் பெரிய வேகம்தான். ஒல்லி டயர், டிரம் பிரேக், வளையும் சேஸிஸ். எண்பதில் போனாலே உயிர் தொண்டைக்கு வரும். அந்தப் பயத்துக்கு நாம் 'பவர்' என்று பெயர் வைத்துவிட்டோம்.

கல்லூரி நாட்களில் நண்பனின் பழைய டூ-ஸ்ட்ரோக் ஒன்றில் வால்பாறை போய்த் திரும்பினேன். ஆழியாறுக்கும் வால்பாறைக்கும் இடையே நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது சொர்க்கம். இறங்கும்போதுதான் அந்த வகை எஞ்சினின் இன்னொரு குணம் தெரியும். ஆக்சிலேட்டரை விட்டாலும் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. எல்லாப் பாரமும் பிரேக் மேல்தான். அட்டகட்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஷூ கருகுகிற வாடை. அடுத்த வளைவில் லீவர் கைப்பிடிவரை வந்துவிட்டது. கீழேயிருந்து பஸ் முழு வளைவையும் எடுத்துக்கொண்டு ஏறுகிறது. பஸ்ஸா, சுவரா என்பதில் சுவரைத் தேர்ந்தெடுத்தேன். காறை எலும்பு முறிந்தது. வண்டிமேல் குற்றமில்லை. சூடேறிய டிரம் என்ன செய்யுமோ அதைத்தான் செய்தது. நிறுத்தி ஆறவிடாமல் வந்த முட்டாள் நான்.

குற்றம் அதற்குப் பிறகு நடந்தது. இருபது வருடமாக அந்தக் கதையை எப்படிச் சொல்லி வந்திருக்கிறேன் தெரியுமா? "அப்பேர்ப்பட்ட பவர் மாப்ள அது, கையிலயே நிக்காது." கருகிய வாடையைச் சொன்னதில்லை, பிரேக்கைச் சொன்னதில்லை. பயந்துபோய் ஆஸ்பத்திரியில் அழுததைச் சொன்னதே இல்லை. அக்கா மகன் சின்ன வயதில் என் தோள்பட்டைத் தழும்பைத் தொட்டுத் தொட்டு இந்தக் கதையைக் கேட்டவன். புது வண்டியில் பவர் இல்லை என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

நம் ஊர்க் கதைகளெல்லாம் இப்படித்தான் உருவாகின்றன என்று நினைக்கிறேன். பேக்கரியில் பேசுகிறவர்கள் எல்லோரும் பிழைத்து வந்தவர்கள். வராதவன் வந்து "அப்படியெல்லாம் இல்லீங்" என்று மறுத்துப் பேசப்போவதில்லை.

ஆர்டியை யாரும் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பழைய பாத்திரத்தை, பழைய வீட்டை, பழைய ரேடியோவை வைத்திருப்பது மாதிரி அதையும் வைத்திருக்கலாம். அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கும், இன்றும் கேட்டால் தலை திரும்பும். ஆசையை ஆசை என்று சொல்லி வாங்குங்கள். பவர் என்று சொல்லி வாங்காதீர்கள். அதிலும் இருபத்தொரு வயதில், உள்ள ஒரே வண்டியாக வாங்கி, வரையாடும் யானையும் பஸ்ஸும் குறுக்கே வருகிற ரோட்டில் தினமும் ஓட்டாதீர்கள். 125 சிசிக்கு மேல் எல்லாப் புது வண்டிக்கும் 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம். ரீல்ஸில் பழைய வண்டி ஓட்டுகிற அண்ணன்கள் பேசாத விஷயம் அது ஒன்றுதான். உண்மையிலேயே குதிரைத்திறனைப் பார்க்க வேண்டுமா, கோயம்புத்தூர் பக்கத்தில் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. எதிரே பஸ் வராது.

போன வாரம் இதையெல்லாம் அவனிடம் நேரில் சொன்னேன். எண்களைக் கேட்டபோது அவன் அசரவில்லை. லீவர் கைப்பிடிவரை வந்த கதையைச் சொன்னபோது நிமிர்ந்தான்.

"அப்ப எதுக்கு மாமா இத்தன வருசமா அப்படிச் சொன்னீங்க?"

பதில் வரவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. "அழுதேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு மாப்ள" என்றேன்.

இன்னும் அவன் முடிவு செய்யவில்லை. ஆர்டிக்காரர் முன்பணம் கேட்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை இருவரும் போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம். நான் முதலில் பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பேன்.