மடக்கு மேசையின் அரசியல்

சிறிய அடுக்ககங்களை அழகுபடுத்துவது குறித்த கட்டுரைகளில் தவறாமல் இடம்பெறும் சொல் 'பல்பயன்'. கூடமே உணவறை, உணவறையே படிப்பறை, இரவானால் அதுவே படுக்கையறை. சோஃபாவை இழுத்தால் கட்டில். சுவரிலிருந்து இறக்கினால் மேசை. இடப்பற்றாக்குறையை ரசனையாக மாற்றிக் காட்டும் இந்த வித்தையை வியப்பவர்கள் ஒன்றைக் கேட்பதில்லை: எதை எப்போது மடக்குவது என்று அந்த வீட்டில் முடிவு செய்பவர் யார்?

ஓர் இடத்துக்கு நான்கு பயன்கள் இருக்கலாம். நான்கும் ஒரே நேரத்தில் நடவா. தொலைக்காட்சி அலறும் கூடத்தில் தேர்வுக்குப் படிக்க இயலாது. விருந்தினர் வந்தால் முதலில் அகற்றப்படுபவை மகளின் புத்தகங்கள். குடும்பத் தலைவரின் நாற்காலி நகர்வதில்லை. உணவு மேசையில் எழுதும் பெண், தட்டு வைக்கும் நேரத்துக்கு முன்பே எழுந்துவிட வேண்டும். பெரும்பாலும் பரிமாறவும் வேண்டும். மேசையோடு சேர்த்து அவள் வேலையையும் மடக்கிவிடுகிறோம்.

'நம் முன்னோர் ஒரே கூடத்தில் உண்டு உறங்கவில்லையா?' என்பார்கள். பாயைச் சுருட்டினால் படுக்கையறை மறைந்துவிடும்தான். ஆனால் அவர்கள் பெருமையோடு நினைவுகூரும் வீடுகளில் முன்னே திண்ணையும் நடுவே முற்றமும் பின்னே கொல்லையும் இருந்தன. கூடம் தாங்காததை அவை தாங்கின. அங்கும் திண்ணை ஆணுக்கு, அடுக்களை பெண்ணுக்கு என்பதுதான் ஏற்பாடு. அடுக்ககம் திண்ணையைக் கைவிட்டது, ஏற்பாட்டைக் கைவிடவில்லை.

நல்லெண்ணம் மட்டும் இதைத் தீர்க்காது. பிராங்க்பர்ட் நகரின் புதிய குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் வடிவமைத்த சமையலறை ஏறத்தாழ 6.5 சதுர மீட்டர். மடக்கி இறக்கும் இஸ்திரிப் பலகைகூட அதில் உண்டு. பெண்ணின் உழைப்பைக் குறைப்பதே நோக்கம். ஆனால் ஒருவருக்கென்றே அளவெடுத்த அந்த அறை அவளைத் தனிமைப்படுத்தியது என்று பிற்காலப் பெண்ணியவாதிகள் விமர்சித்தார்கள். நடை மிச்சமாயிற்று, வேலை கைமாறவில்லை.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், வீட்டின் கார்ப்பெட் ஏரியாவுக்குத் தெளிவான வரையறை தந்தது. சுவர்களுக்குள் எத்தனை சதுர அடி என்பதை இன்று கேட்டறியலாம். அதில் யாருக்கு எத்தனை மணி நேரம் என்பதை எந்தப் பத்திரமும் சொல்லாது. வீட்டார்தான் கணக்கிட வேண்டும்.

அலங்கரியுங்கள், தவறில்லை. அதற்கு முன் மூன்றடிக்கு இரண்டடியில் மடக்க முடியாத மேசை ஒன்றைப் போடுங்கள். விருந்து வந்தாலும் பண்டிகை வந்தாலும் அதன்மேல் இருப்பதை எவரும் எடுக்கக் கூடாது. அது யாருக்கு என்பதை, அந்த வீட்டில் இதுவரை இடமே இல்லாதிருந்தவர் முடிவு செய்யட்டும்.