இம்மிக்குப் பெயர் வைத்தால் அளந்ததாகிவிடுமா?

பெரக்கரை நாட்டிலிருந்து உங்கள் வாத்தியார். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

நம் குழுக்களில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. அட்டோ வினாடிக்காக வெளிநாட்டுக்காரர்களுக்கு நோபல் கொடுத்தார்களாம், நம் முன்னோர் அதைவிடச் சின்ன அளவையே அன்றைக்குக் கண்டுபிடித்துவிட்டார்களாம். கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். கும்பிட்டவர்களில் என்னிடம் இயற்பியல் படித்தவர்களும் இருக்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இம்மி, அணு என்று பின்னங்களைப் பகுத்துக்கொண்டே போனது பெரிய கணக்கறிவு. மறுக்கவில்லை. ஆனால் பெயர் வைப்பது வேறு, அளப்பது வேறு. தொல்காப்பியர் மாத்திரைக்குக் கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் அளவாகச் சொன்னார். யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். அது அளவு. முன்னோர் செய்யாததை அவர்கள் தலையில் கட்டுவது அவர்களுக்கு மரியாதையா?

ஒரு வினாடியில் இருக்கும் அட்டோ வினாடிகளை எழுத 1 போட்டுப் பின்னால் 18 பூஜ்ஜியம் போட வேண்டும். பேரண்டத்தின் வயதான 1380 கோடி வருடத்தை வினாடியாக்கினாலும் அதில் பாதிகூட வராது. ஒரு அட்டோ வினாடியில் ஒளியே ஒரு நீர் மூலக்கூறின் அகலத்தைத்தான் தாண்டும்.

ஆகாயகங்கையைப் போனில் படம் எடுத்திருப்பீர்கள். ஷட்டர் மெதுவாக இருந்தால் அருவி வெள்ளை வேட்டி மாதிரி விழும். வேகமாக வைத்தால் துளித்துளியாக நிற்கும். எலக்ட்ரானுக்கும் அதே கதைதான். 2023இல் நோபல் வாங்கிய மூவரும் வாயுவில் லேசரைப் பாய்ச்சி அந்த ஷட்டரைச் செய்தார்கள். அணுவின் உட்கூட்டில் இருக்கும் எலக்ட்ரானைத் தொட எக்ஸ் கதிர் வேண்டும். அதற்குத்தான் கட்டுறா எலக்ட்ரான் லேசர். கலிபோர்னியாவில் 2009இல் ஓடத் தொடங்கியதில், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம் எலக்ட்ரான்களை முடுக்கி, வடக்கும் தெற்கும் மாறிமாறி வைத்த காந்த வரிசைக்குள் விடுகிறார்கள். அவை நெளிந்து நெளிந்து ஓடி, ஒன்றுசேர்ந்து எக்ஸ் கதிரை உமிழ்கின்றன. சில நூறு அட்டோ வினாடித் துடிப்புகள் வரை கொண்டுவந்துவிட்டார்கள்.

பயன் என்ன என்பீர்கள். தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். திரவ நீரில் இரண்டுவித அமைப்பு இருக்கிறது என்று ஒரு கட்சி பல வருடம் வாதாடியது. எக்ஸ் கதிர் சோதனைகளில் தெரிந்த ஒரு பிளவுதான் அவர்கள் சாட்சி. 2024இல் அட்டோ வினாடித் துடிப்பால் பார்த்தபோது அந்தப் பிளவைக் காணோம். பழைய சோதனைகளில், பார்த்து முடிப்பதற்குள் ஹைட்ரஜன் அணு நகர்ந்திருக்கிறது! மெதுவான ஷட்டர் செய்த வேலை. எந்த ஓலைச்சுவடியும் இதைத் தீர்த்திருக்காது.

நாம் வெட்கப்பட வேண்டிய இடம் வேறு. ஜப்பானில், கொரியாவில், ஜெர்மனியில் இந்த எக்ஸ் கதிர் இயந்திரம் உண்டு. நம் மாநில மக்கள்தொகையில் ஏழில் ஒரு பங்குகூட இல்லாத ஸ்விட்சர்லாந்தில் உண்டு. இந்தியாவில் இல்லை. இந்தூரில் இண்டஸ்-2 இருக்கிறது, நல்ல இயந்திரம், ஆனால் அது இந்த வகை இல்லை. அதைக் கேட்டு ஒரு ஃபார்வர்டு வந்ததா?

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரான் கோள் மாதிரி சுற்றுகிறது என்று கரும்பலகையில் வட்டம் போட்டபோது, கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் "யார் சார் பார்த்தாங்க?" என்றான். உட்காருடா என்றேன். தம்பி, நீ இதைப் படித்தால் மன்னித்துக்கொள். அந்தக் கேள்விதான் சரி, என் வட்டம்தான் தப்பு.

நோபல் செய்தி சொல்லப் போன் வந்தபோது ஆன் லூயியே அம்மையார் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் பேசிவிட்டு, திரும்பிப் போய்ப் பாடத்தை முடித்தார். வாத்தியார் என்றால் அவர்.

இந்த ஃபார்வர்டைப் படித்துவிட்டு, பதினொன்றாவது படிக்கும் என் பேத்தி கேட்டாள்: "எல்லாத்தையும் நம்மாளுங்க முன்னாடியே கண்டுபிடிச்சிட்டாங்கன்னா, நான் எதுக்குத் தாத்தா பிசிக்ஸ் படிக்கணும்?"

அனுப்பியவர்கள் யாராவது அவளுக்குப் பதில் சொல்லுங்கள். போனைக் கொடுக்கிறேன்.